பாதி மூடிய பலகை

18.6.2007, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே தார் ரோடு உருகுகிற வாசனை. கம்பெனி வேன் கே.ஜி.கண்டிகை அருகே பஞ்சர். எல்லாரும் டீக்கடை நிழலில். எனக்கு டீ வேண்டாம் என்றேன். காலை மாத்திரைகளை அப்போதுதான் போட்டிருந்தேன்.

எம்.டி. சென்னையிலிருந்து வந்திருந்தார். முகம் சரியில்லை. போன வருடம் நாங்கள் சாயமேற்றி அனுப்பிய வெனீர், சுவரில் ஒட்டுகிற மெல்லிய மரத்தகடு, அங்கே ஒரு ஓட்டலின் வரவேற்பறைச் சுவரில் வெளுத்துவிட்டது. போட்டோ கொண்டுவந்தார். மாட்டியிருந்த படத்தைக் கழற்றிய இடத்தில் மட்டும் சதுரமாக ஈட்டி மர நிறம். சுற்றிலும் நீர்த்த டீ.

மலிவான சில்வர் ஓக் மரத்தைக் காகிதம்போலச் சீவி, வெளுக்கவைத்து, சாயத்தொட்டியில் வேகவைத்து நாங்கள் ஈட்டியாக்குகிறோம். வெயில் அதை ஒரே வருடத்தில் திரும்ப சில்வர் ஓக்காக்கிவிடுகிறது.

இரண்டு வெள்ளைக் கேன்கள் கொண்டுவந்திருக்கிறார். ஒன்றில் ஜிங்க், இன்னொன்றில் டைட்டானியம். இரண்டும் நானோத் தூள், திரவத்தில் கலந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னத் துகளாம். லேக்கர் வார்னிஷோடு சேர்த்துப் பூசினால் நிறத்தைத் தின்கிற வெயிலை மேலேயே தடுத்துவிடுமாம். அடியில் இருக்கும் மரம் அப்படியே தெரியுமாம்.

பூச்சு வேலை தேசிங்கு சாருக்கு (இனி தே.). நிறம் எனக்கு. புது ஓட்டல் ஆர்டர் ஒன்று இருக்கிறது, இதைவிடப் பெரியது. இது தப்பினால் சாயப் பகுதியையே மூடிவிடுவார் என்று வேனில் பேச்சு.

வாங்க வேண்டியது: உளுந்து, பவானிக்கு ஸ்கூல் நோட்டு, விளக்குத் திரி.

21.6, வியாழன்

கழுத்துக் கட்டி நன்றாக வற்றிவிட்டது. விரலால் தேடினால்தான் கிடைக்கிறது. ஆனாலும் முந்தானையை அந்தப் பக்கம் இழுத்துப் போடும் பழக்கம் போகவில்லை.

பிப்ரவரியில் அரக்கோணம் டாக்டரம்மா சொன்னது: இது கழுத்துச் சுரப்பியில் வந்த டிபி, ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு ஒட்டாது, மாத்திரை மட்டும் விடாமல் சாப்பிடு. ஒட்டாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். கூட வந்த என் வீட்டுக்காரர் இரண்டு முறையும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், "யாருக்கும் சொல்லிக்காத. டிபின்ற பேரு காதுல விழுந்தா போதும். நம்ம கையால ஒருத்தன் சோறு துன்ன மாட்டான்."

அவர் சொல்வதும் நிஜம்தான். மலைக்கோயில் அடிவார மண்டபங்களில் கல்யாணச் சமையல்தான் தொழில். அவரும் அவர் தம்பியும். காய் நறுக்க, அப்பளம் பொரிக்க நானும் ஓர்ப்படி கஸ்தூரியும் போவோம். அதனால்தான் இங்கே பெரியாஸ்பத்திரி இருந்தும் அரக்கோணம்.

மாத்திரை டப்பா அரிசி டிரம்முக்குள். கஸ்தூரி பக்கத்துப் போர்ஷன், எந்த நேரமும் வருவாள்.

ஏப்ரலில் திரும்ப வரச் சொன்னார்கள். ஆர்டர் வேலை, லீவு கிடைக்கவில்லை. கட்டியும் வற்றியிருந்தது. பழைய சீட்டையே மெடிக்கலில் காட்டி அதே மாத்திரைகளை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

27.6, புதன்

ஜிங்க் ஒழுங்காகக் கலக்கவில்லை. லேக்கரில் ஊற்றினால் தயிர் திரிவதுபோலக் கட்டிக்கொள்கிறது. பூசிய பலகையில் வெள்ளைப் புகை படிந்த மாதிரி. தே. நாள் முழுக்க துகளைப் பிரிக்கிற அதிர்வு மெஷினோடு. கொசு பாடுவது மாதிரி ஒரு சத்தம், பல் கூசுகிறது.

"நம்ம ஊட்ல ராகிக் களி கிண்டறப்ப கட்டி தட்டும் பாருங்க, அதே கத. தனித்தனியா பிரிஞ்சாத்தான் கண்ணாடி மாதிரி நிக்கும். ஒண்ணு கூடிகிச்சின்னா பால்தான்" என்றார். பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு. எரிச்சல் வந்தால் மெஷினைத் தெலுங்கில் திட்டுவார்.

சாயந்திரத்துக்குள் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் லேசான வெளுப்பு. அதை ஈடுகட்ட அடியில் சாயத்தில் சிவப்பைக் கூட்ட வேண்டும். அது என் வேலை.

பவானிக்குக் காலையில் தலை பின்னிவிட்டேன். ஸ்கூலுக்குப் போய்த் திரும்பி வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். "பச்ச ரிப்பன் கேட்டா பிரவுன வெச்சிக் கட்டிவுட்டிருக்கற. மிஸ் வெளில நிக்க வெச்சிட்டாங்க." அவசரத்தில் எடுத்திருப்பேன்.

3.7, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை.

சோதனைப் பலகைகள் இன்று கம்பெனி மொட்டைமாடிக்கு ஏறின. மூன்று வகை:
வெறும் லேக்கர்
ஜிங்க்
டைட்டானியம்

ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத்தாளால் மூடி, மேலே அலுமினியத்தாள் சுற்றி, டேப் ஒட்டினோம். மறுபாதி வெயிலுக்கு. ஆவணியில் பிரித்துப் பார்ப்பது. மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு விழுந்திருந்தால் தோல்வி. கோடே இல்லையென்றால் ஜெயம்.

எம்.டி. போனில்: "சரளா, நீங்கதான் பாத்துச் சொல்லணும். மெஷின்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. உங்க கண்ணுதான் நமக்கு மெஷின்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

9.7, திங்கள்

தொட்டி கெட்டது.

ஒரு தொட்டி முழுக்க, தகடு தகடாக. மாதிரித் துண்டைப் பார்த்துச் சிவப்பு பற்றவில்லை என்று நான்தான் கூட்டச் சொன்னேன். இன்னும் பற்றவில்லை என்று திரும்பவும் கூட்டினேன். காயவைக்கத் தொங்கவிட்டதும் தே. அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னா சரளாம்மா இது. ஆடு அறுத்து மாட்டன மாதிரி இருக்குது."

நான் பார்த்தேன். எனக்கு அது பிரவுனாகத்தான் இருந்தது. ஈட்டி மாதிரிதான், கொஞ்சம் மங்கலாக.

"கரண்டு போய்ப் போய் வந்துச்சி சார். வெளிச்சம் சரியில்ல."

அவர் மாதிரித் துண்டைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

கெட்ட தகடுகளைப் பின்கட்டில் அடுக்கினார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

14.7, சனி

லீவு. இவர் மாங்காய் வாங்க பஸ்ஸில் பள்ளிப்பட்டு போயிருக்கிறார். பவானி டியூஷன்.

கண்ணாடி வளையல்களைக் கட்டிலில் கொட்டினேன். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரித்தேன். முன்பெல்லாம் யோசிக்காமல் கை செய்கிற வேலை. இன்று ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பவானி வந்ததும், சும்மா கேட்பதுபோல, "இத்த ஒழுங்காப் பிரிச்சி வையேன்" என்றேன். என் குவியல்கள் இரண்டையும் கலைத்துப் புதிதாக அடுக்கினாள். எத்தனை இடம் மாறின என்று நான் எண்ணவில்லை.

குங்குமம் கூட செம்மண்போல இருக்கிறது. எத்தனை நாளாக?

டாக்டரம்மா பிப்ரவரியில் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது காதில் வாங்கி அப்படியே விட்டது. "இதுல ஒரு மாத்திரை நூத்துல ஒருத்தருக்குக் கண் நரம்பைத் தொடும். கலர் மாறித் தெரிஞ்சா, மங்கலாத் தெரிஞ்சா, அன்னிக்கே ஓடி வரணும். அடுத்த வாரம்னு தள்ளக் கூடாது."

அன்றைக்கே.

17.7, செவ்வாய். ஆடி 1

இவரிடம் சொல்லிவிட்டேன். ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, வீட்டில்தான் இருக்கிறார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னதும் கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். வெளியே ஏதாவது தெரியுமா என்று பார்த்தார் போல. ஒன்றும் தெரியவில்லை.

"முழுசாவே தெரியலயா?"

"தெரியுது. கலருதான் சரியில்ல."

"டாக்டரம்மா கிட்ட போனா இன்னா சொல்லுவாங்க?"

"பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. சென்னைல தங்கச் சொன்னாலும் சொல்லுவாங்க."

"தங்கறதுன்னா கஸ்தூரிக்குத் தெரிஞ்சிடும். அவளுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரியும்." விரலை மடக்கிக்கொண்டே யோசித்தார். "ஆவணில நாலு கல்யாணம் ஒத்துக்கினு இருக்கறோம். அதுல ரெண்டு பெரிய எடம். அது வரைக்கும் பொறுத்துக்கயேன். தலவலி, கண்ணெரிச்சல் ஒண்ணியும் இல்லதான?"

இல்லை என்றேன்.

"கலருதானே சரளா."

ஆமாம். கலர்தான்.

இவர் கெட்டவர் இல்லை. ராத்திரி சாப்பாட்டில் எனக்கென்று கீரை தனியாக மசித்து வைத்தார், கண்ணுக்கு நல்லது என்று.

25.7, புதன்

புழுக்கம். சாயத் தொட்டிகளின் ஆவியில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

நான் இப்போது வேலை செய்யும் விதம்: பழைய கணக்கில் எழுதியிருக்கும் அளவு எதுவோ அதுவே. கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. துண்டு வெந்ததும் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "சார், நீங்களும் ஒரு பார்வ பாத்திருங்க" என்று தே. பக்கம் நீட்டுகிறேன். அவர் "கொஞ்சம் மஞ்ச தட்டுது" என்றால், "ஆங், எனக்கும் அப்படித்தான் பட்டுது" என்கிறேன்.

மூன்றாவது முறை இப்படிச் சொன்னபோது அவர் துண்டைக் கீழே வைத்தார்.

"சரளாம்மா, மொதல்லாம் நான் ஒண்ணு சொன்னா சண்டக்கி வருவீங்க. எது சொன்னாலும் இல்லன்னுவீங்க. இப்ப எது சொன்னாலும் ஆங் ஆங்ன்றீங்க. ஊட்ல எதுனா பிரச்சனயா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"சொல்ல வாணாம்னா வாணாம். ஆனா ஒடம்பப் பாத்துக்கங்க."

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். மாத்திரைகளில் இன்னொன்று சாப்பிட்டால் கண்ணீர் கூட ஆரஞ்சு நிறமாம். கைக்குட்டையில் பார்த்தேன். எனக்கு வெறும் ஈரம்தான்.

6.8, திங்கள். ஆடிக் கிருத்திகை

ஊர் முழுக்க ஜனம். ஆந்திரா பக்கத்திலிருந்து லாரி லாரியாக. பைபாஸிலேயே பஸ்களை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி லீவு.

காவடிக் கூட்டம் ஒன்றுக்கு இவர் அன்னதானச் சமையல். புளியோதரை, தயிர்சாதம். நானும் பவானியும் ரோட்டோரம் அண்டாவில் நீர்மோர் வைத்துக் கொடுத்தோம். கஸ்தூரி தம்ளர் கழுவினாள்.

புஷ்பக் காவடிகள் அசைந்து அசைந்து போயின. வருடா வருடம் பார்ப்பது. மஞ்சள் மட்டும் மஞ்சளாக இருந்தது. மற்றதெல்லாம் விபூதி தூவிய மாதிரி.

ஒரு வயசான அம்மா, மொட்டை அடித்த தலையில் சந்தனம், கூட்டத்தில் தன் ஆட்களைத் தொலைத்துவிட்டாள். தமிழும் தெலுங்குமாக என்னிடம் கேட்டாள். "எங்காளுங்க செவப்புக் கொடி புடிச்சிகினு வந்தாங்கம்மா. எங்கனா கண்டியா?"

நிமிர்ந்து பார்த்தேன். கொடிகள் எத்தனையோ. எல்லாம் அழுக்குத் துணி நிறம்.

"இங்க காணலம்மா. முன்னால போயிருப்பாங்க. குளத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

அவள் போய்விட்டாள். பவானி என் புடவையை இழுத்தாள். "அம்மா, செவப்புக் கொடி எதுர்லயே நிக்குதே. அந்த லாரியாண்ட. ஏன் அப்படிச் சொன்ன?"

ஓடிப்போய்த் தேடச் சொன்னேன். பவானி குளம் வரை போய்த் திரும்பினாள். கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மோர் ஊற்ற முடியவில்லை. கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "வெயிலு தலைக்கி ஏறிச்சாக்கா?" என்று கேட்டு என் தலையில் ஈரத்துணி போட்டாள்.

16.8, வியாழன்

இப்போது கலர் மட்டும் இல்லை. பேப்பரைப் பிடித்தால் நடுவில் ஒரு விரல் தேய்த்த மாதிரி. பார்க்கிற எழுத்து மறைகிறது, பக்கத்து எழுத்து தெரிகிறது. பஸ் நம்பரைப் பார்க்க முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் "பொறுத்துக்க" என்று திரும்பவும் சொல்வாரோ என்று பயம். அதை இரண்டாவது தரம் அவர் வாயிலிருந்து கேட்க வேண்டாம்.

முதல் முகூர்த்தத்துக்கு வெங்காயம் உரிக்கப் போகணும். கத்தி நான் எடுக்க மாட்டேன்.

23.8, வியாழன்

மாடிப் பலகைகளை இன்று பிரித்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எம்.டி. காலையிலேயே வந்துவிட்டார். வானம் சுத்தம், கண் கூசும் வெயில். மாடியில் எம்.டி., தே., பூச்சுப் பகுதி ஆட்கள், தொட்டி வேலை ஆட்கள், ஆபீஸ் கிளார்க். எல்லாருக்கும் இது பிழைப்பு. வேலை இருக்குமா இருக்காதா என்று பார்க்க வந்தவர்கள்.

தே. குந்தி உட்கார்ந்து அலுமினியத்தாளை உரித்தார். அப்புறம் கறுப்புத்தாள்.

வெறும் லேக்கர்: கோடு. எனக்கே தெரிந்தது. இருட்டும் வெளிச்சமும் மாதிரி.

டைட்டானியம்: தொட்டால் விரலில் சுண்ணாம்புபோலப் பொடி. லேக்கரையே தின்றுவிட்டது. தே. உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது ஜிங்க். உரித்ததும் எம்.டி. கையைக் காட்டி எல்லாரையும் ஒதுங்கச் சொன்னார். "மொதல்ல சரளா பாக்கட்டும்."

குனிந்தேன். பலகையின் நடுவே என் கண்ணிலிருக்கும் அந்த மங்கல் வந்து உட்கார்ந்துகொண்டது. தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தேன். விரலால் தடவினேன். வழவழப்பு. கோடு தெரியவில்லை. பலகையில் கோடு இல்லையா, என் கண்ணில் கோடு இல்லையா?

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆர்டர் கிடைத்துவிடும். எல்லாரும் கை தட்டுவார்கள். அடுத்த வருடம் அந்தப் புது ஓட்டல் சுவரில் படத்தைக் கழற்றினால் அடியில் என்ன இருக்குமோ.

"இன்னா சரளா? கோடு தெரியுதா?"

"எனக்குத் தெரியலைங்க சார்."

"தெரியலயா? அப்ப சக்ஸஸ்தானே?"

"இல்லைங்க சார். எனக்குக் கலரே தெரியல. ரெண்டு மாசமா. அந்தத் தொட்டி கெட்டது என்னாலதான். கரண்டால இல்ல."

எம்.டி. வாயைத் திறந்து மூடினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரியும். கழுத்துக் கட்டி, டிபி, மாத்திரை, ஏப்ரலில் போகாதது, எல்லாம். டிபி என்றதும் தொட்டி ஆட்களில் ஒருவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது தெரிந்தது. ஓரக்கண்ணில் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

தே. மட்டும் அப்படியே குந்தியிருந்தார். பலகையை இப்படியும் அப்படியும் திருப்பி நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார். "கோடு இல்ல சார். நெசமாவே இல்ல."

யாரும் கை தட்டவில்லை.

கீழே இறங்கும்போது படியில் தே. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டனா சரளாம்மா. எங்க நைனாவுக்கே அந்த நோவு வந்து சரியாச்சி." கோபமாகத்தான் சொன்னார்.

24.8, வெள்ளி

காலை ரயிலில் அரக்கோணம். இவரும் வந்தார்.

டாக்டரம்மா ஒரு புத்தகத்தைக் காட்டினார், பக்கம் பக்கமாகப் புள்ளிகள், நடுவில் என்ன எண் என்று கேட்டார். முதல் பக்கத்தைத் தவிர எதிலும் எனக்கு எண் இல்லை. வெறும் புள்ளி. புத்தகத்தை மூடிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை இன்னுமா சாப்பிடறே? இதை ஏப்ரல்லயே நிறுத்தியிருப்பேனே. அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

நான் முந்தானையைக் கழுத்துப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கலர் மாறினது எப்ப தெரிஞ்சுது?"

"ஜூலைல."

"ஜூலைல தெரிஞ்சு இப்ப வரீங்களா? யாரு உங்களைத் தடுத்தது?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் கறுத்திருந்தன. சிவந்திருக்கும், எனக்குத்தான் கறுப்பு.

"நாந்தாங்க வரல" என்றேன்.

அந்த ஒரு மாத்திரை இன்றோடு நிறுத்தம். மற்றது தொடரணும். சென்னை கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு. திரும்ப வருமா என்று இவர்தான் கேட்டார். "வரலாம். மாசக்கணக்குல ஆகும். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது. ஜூலைல வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்."

பிளாட்பாரத்தில் இவர் கொய்யாப்பழம் வாங்கி வந்தார். உட்கார்ந்து கீறி உப்பு தடவி என் கையில் வைத்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. "நீ சொல்லியிருக்கலாம், நாந்தான் பொறுத்துக்கச் சொன்னேன்னு" என்றார். நான் பழத்தைத் தின்றேன். விதை பல்லில் சிக்கியது.

30.8, வியாழன்

சென்னை போய் வந்தாயிற்று. அங்கேயும் அதே பதில், பெரிய மெஷின்களோடு.

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வேனில் வருகிறவர்கள் எல்லாரும் இங்கத்திய ஆட்கள்தானே. ஆவணியின் பெரிய கல்யாணம் ஒன்றில் வேறு ஆளைப் பேசிக்கொண்டார்களாம். பெண்வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றே சொன்னார். நல்ல மனிதர்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. சம்பந்தி ஊட்ல ஒத்துக்கல." ஒட்டாத நோய் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர் தலையாட்டினார், பிப்ரவரியில் இவர் ஆட்டினது மாதிரியே.

கொழுந்தன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஸ்தூரி வருவதில்லை. முன்பு இரண்டு போர்ஷனுக்கும் நடுக்கதவு திறந்தே கிடக்கும். இப்போது அந்தப் பக்கம் தாழ்ப்பாள். போன வாரம் அவள் வாங்கிப்போன குழம்புக் கிண்ணம் கழுவி, வெயிலில் காயவைத்து, வாசல்படியில் வைக்கப்பட்டிருந்தது.

பவானி எதுவும் கேட்பதில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தன் ரிப்பனைத் தானே எடுத்துக்கொள்கிறாள்.

5.9, புதன்

கம்பெனிக்குப் போனேன். மழைத் தூறல்.

எம்.டி. வேலையை விட்டு நிறுத்தவில்லை. தகடுகளைக் கட்டு கட்டும் பகுதியில் உட்காரலாம் என்றார். "மெதுவாப் பண்ணுங்க. சரியானதும் பாத்துக்கலாம்." கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். என் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று அவருக்கும் தெரியவில்லை போல.

நிறம் அளக்கிற மெஷின் வந்துவிட்டது. கையடக்கம், இஸ்திரிப் பெட்டி மாதிரி. தகட்டின் மேல் வைத்து அமுக்கினால் எண்கள் காட்டும். புது ஓட்டல் ஆர்டரின் முதல் லாட் ஜிங்க் பூச்சோடு தயார். தே. ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வந்த பிறகுதான் எதற்கு வந்தோம் என்று யோசித்தார் போல நின்றார்.

"நல்லாருக்குதா சார்?"

"நல்லாருக்குது. மெஷினு சரின்னுது."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"ஈட்டியேதான். உள்ள அப்படியே ரேக ரேகயா ஓடுது. மேல பூச்சு இருக்கறதே தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு ஓரத்துல லேசா வயலட் அடிக்குது. மெஷினுக்குத் தெரியல. நீங்க இருந்தா திட்டியிருப்பீங்க" என்றார்.

தகட்டைத் தடவிப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். மதியம் வரை கட்டு கட்டினேன். என் இடத்துக்குப் பின்னால்தான் சாயத்தொட்டி. முதுகில் அந்த வெப்பம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் ஒன்றுதான்.

கட்டி இல்லை. பசிக்கிறது. எடை கூடியிருக்கிறது. டாக்டரம்மா கணக்கில் நான் குணமாகிக்கொண்டிருக்கிறேன்.

12.9, புதன்

தடிப் பேனா. எழுத்து கோணல். பரவாயில்லை.

வேலைக்குப் போகவில்லை, தலைவலி. மத்தியானம். இவர் கடைத்தெருவில். அரிசி களைந்துகொண்டிருந்தேன். நடுக்கதவின் தாழ்ப்பாள் சத்தம்.

கஸ்தூரி. உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிண்ணத்தைப் பற்றி ஏதாவது பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கைல வேலயா இருக்கிறியாக்கா?"

"இல்ல. சொல்லு."

உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஈரக்கையாக இருந்த என் கையைப் பிடித்துத் தன் காதுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். முந்தானையைத் தானே ஒதுக்கினாள்.

"பொங்கலுக்கே வந்துச்சிக்கா. உனக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. அவராண்ட சொல்லல. சொன்னா இன்னா சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும்."

விரலால் தேடவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டி. பெரியது எலுமிச்சங்காய் அளவு.

"வலிக்குதா?"

"இல்ல."

எனக்கும் வலித்ததில்லை.

நாளைக் காலை ரயிலுக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறேன். ஆவணிக் கல்யாணங்கள் இன்னும் முடியவில்லை என்றாள். முடிகிற வரை பொறுக்க வேண்டாம் என்றேன்.